கரிசலில் கடை கட்டும் முன்: கோவில்பட்டி நாட்குறிப்பு

ஜூலை 12, 2025, சனி

உரம், விதை, பூச்சிமருந்து விற்கும் அண்ணாச்சி ஒருவர், கடை கட்ட யோசனை கேட்டு என்னிடம் வந்தார். இத்தனை வருஷமும் வாடகைக் கடைதான். இப்போது எட்டயபுரம் சாலைப் பக்கம் 14 சென்ட் மனை பார்த்து வைத்திருக்கிறார். முன்னால் கடை, பின்னால் குடோன், மேலே ஒரு மாடி. கையில் இருந்தது கண்ணாடி முகப்பு போட்ட எலிவேஷன் படம் மட்டும்.

"சதுர அடிக்கு என்ன ஆகும், அதை மட்டும் சொல்லுங்க தம்பி."

மண்ணைப் பார்க்காமல் கோவில்பட்டியில் சதுர அடிக் கணக்கு சொல்வதில்லை என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. பேசிப் புரியவைக்க முடியாது என்று மனைக்கே கூட்டிப்போனேன். பக்கத்து மனையில் கட்டி சில வருஷமே ஆன கடை ஒன்று. ஜன்னல் மூலையில் கிளம்பிய விரிசல் சாய்வாக ஏறி பீமைத் தொட்டிருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தைச் செருகினேன், உள்ளே போய் நின்றது. அண்ணாச்சி அதைத் தொட்டுப் பார்த்தார். "சிமெண்ட் கம்மியோ?" என்றார். சிமெண்டில் குறை இல்லை அண்ணாச்சி, கீழே கரிசல் மண் மூச்சு விடுகிறது: மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும்.

ஜூலை 16, புதன்

காகிதம் பார்க்கும் நாள். கணினியில் 1975 முதல்தான் வில்லங்கம் கிடைக்கிறது. அதற்கு முந்தையதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும். முப்பது வருஷம் பார்த்தால் போதும் என்பார்கள். பூர்வீக நிலம் கைமாறி வந்திருந்தால் எனக்கு அது போதாது.

பட்டா, ஏ பதிவேடு (கிராமத்து நிலப் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் அளவை வரைபடம்) மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில், புலப்படத்தில் வடக்கு எல்லையை ஒட்டி ஓடை ஓடுகிறது. தரையில் ஓடை தெரியவில்லை, கருவேலம் மண்டிக் கிடக்கிறது. சர்வேயரை வைத்து அளந்து கல் நட்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டேன். எதிர்வீட்டுப் பெரியவரிடம், 2023 டிசம்பர் 17, 18 மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். தன் வீட்டுத் திண்ணையின் இரண்டாம் படியைக் காட்டினார். தரைமட்டம் அதற்கு மேலே இருக்க வேண்டும், குறித்துக்கொண்டேன். யூரியா மூட்டை ஒரு தடவை நனைந்தால் அந்தச் சீசன் லாபம் போயிற்று.

மனை புஞ்சையில் பிரித்தது, அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவு. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான், அவற்றை அரசு முறைப்படுத்தித் தரும் வரன்முறைத் திட்டம். வரன்முறை ஆணையின் நகலை விற்பவரிடம் கேட்கச் சொன்னேன். அது வராமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

ஜூலை 19, சனி

ஆடி பிறந்துவிட்டது. "ஆடியில எதையும் ஆரம்பிக்கக் கூடாதே" என்றார் மதினி, அண்ணாச்சியின் மனைவி. பத்திரத்துக்கும் பூமி பூஜைக்கும்தான் ஆடி ஆகாது, மண் பார்க்க இதைவிட நல்ல மாதம் கிடையாது. கரிசல் வெடித்துக் கிடக்கும், எவ்வளவு ஆழம் வெடிக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். ஒரு வெடிப்பில் கம்பியை விட்டேன், முழங்கை வரை இறங்கியது.

மனைக்காரர் சம்மதத்தோடு இரண்டு துளை போட்டோம். 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. தூக்கி விடுவார்கள். குழாய் 15 செ.மீ. வீதம் மூன்று தடவை இறங்க சுத்தியல் எத்தனை முறை விழுகிறது என்று எண்ண வேண்டும். முதல் 15 கணக்கில் சேராது, அடுத்த இரண்டின் கூட்டுத்தான் மண்ணின் பலம். ஒன்றரை மீட்டரில் 16 வந்தது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம்.

நான் அதை நம்பவில்லை. கோடையில் காய்ந்த கரிசல் அடி தாங்கும், நல்ல நம்பர் கொடுக்கும். ஐப்பசியில் அதே மண் வேறு மண். அடியை மட்டும் எண்ணி அஸ்திவாரம் போட்டவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். மண் மாதிரியை லேபுக்கு அனுப்பினேன்.

ஜூலை 26, சனி

லேபுக்கு அண்ணாச்சியையும் அழைத்துப் போனேன். உலர்த்திச் சலித்த மண் பத்துப் பத்து கிராம், இரண்டு கண்ணாடி உருளைகளில். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் கரிசல் ஊதாது. ஒரு நாள் முழுக்க வைத்த பிறகு, மண்ணெண்ணெயில் 11 மில்லியில் நிற்கிறது, தண்ணீரில் 19. ஊதல் 70 சதவீதத்துக்கு மேல்! அண்ணாச்சி குனிந்து இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் சதுர அடி பற்றி அவர் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று மீட்டருக்குக் கீழே சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த சரள் கிடைப்பது நல்ல சேதி. சாதாரணமாக வானம் தோண்டி ஃபுட்டிங் போடுவதற்குப் பதில், நாலு மீட்டர் பைல், அதாவது துளை போட்டு மண்ணுக்குள் இறக்கும் காங்கிரீட் தூண். அதன் அடியில், தண்டின் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து குமிழ் விட வேண்டும். ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் (சிபிஆர்ஐ) கரிசலுக்கென்றே உருவாக்கிய முறை இது. சுவரைத் தாங்கும் பிளிந்த் பீமுக்கு அடியில் 80 மி.மீ.க்குக் குறையாமல் காலி இடம் விட வேண்டும். மண் ஊதினால் அந்த இடத்தில் ஊதட்டும், பீமைத் தூக்கக் கூடாது. மேஸ்திரிகள் அதில் மணலைப் போட்டு அடைத்துவிடுவார்கள். வரைபடத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறேன்.

குடோன் தரையைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. 45 கிலோ யூரியா மூட்டை பதினைந்தை அடுக்கினால் சதுர மீட்டருக்கு ஒரு டன்னுக்கு மேல் ஏறும். தரைக்குக் கீழே உள்ள கரிசலை ஒரு மீட்டர் வெட்டி எடுத்துவிட்டு, சரள் மண்ணைப் படிப்படியாகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். அம்மோனியம் சல்பேட் காங்கிரீட்டை அரிக்கும், அதனால் மூட்டைக்குக் கீழே பலகை கட்டாயம்.

செலவு கூடுகிறது. கண்ணாடி முகப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் போடலாம். பைலைப் பிறகு போட முடியாது. அண்ணாச்சி கண்ணாடியை விட்டுக்கொடுத்தார்.

ஆகஸ்ட் 9, சனி

ஆடிட்டரோடு உட்கார்ந்தோம். கட்டுமானத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உர விற்பனை வரியில் கழிக்கலாம் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டிருந்தார். சொந்தக் கட்டடத்துக்கு அது கிடையாது. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கொஞ்சம் இடம் கொடுத்தது, 2025 நிதிச் சட்டம் 2017 ஜூலை முதலே பொருந்தும்படி திருத்தி அதை அடைத்துவிட்டது. ரேக், ஜெனரேட்டர், தராசுக்குத் தனி பில் வாங்கினால் அந்த வரியைக் கழித்துக்கொள்ளலாம்.

மனையை மதினி பேரில் வாங்கி, கடைக்கு வாடகை போடுவதாகவும் யோசனை. மதினிக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லை, கடைக்கு இருக்கிறது. 2024 அக்டோபர் 10 முதல் இப்படிப்பட்ட வணிக வாடகைக்கு 18 சதவீதத்தைக் கடையே கட்ட வேண்டும். பிறகு கழித்துக்கொள்ளலாம், ஆனால் மாதாமாதம் பணம் புரள வேண்டும். யோசிக்கட்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆவணி வளர்பிறையில் பத்திரம் முடிந்தது, கடைசியில் மதினி பேரிலேயே. முத்திரைத்தாள் 7, பதிவு 2 சதவீதம். வரன்முறை ஆணையும் கைக்கு வந்தது. ஓடைப்பக்கம் கல் நட்டதில் மனையில் கொஞ்சம் குறைந்தது, விலையிலும் குறைத்துக்கொண்டார்கள்.

நாமே உறுதி கொடுத்து அனுமதி வாங்கும் சுயசான்று வழி வீட்டுக்கு இருக்கிறது, கடைக்குக் கிடையாது. முறையாக அனுமதி வாங்கி, அந்த வரைபடப்படியே கட்ட வேண்டும். இந்த அளவு வணிகக் கட்டடத்துக்கு நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பு வராது. பக்கவாட்டில் விட்ட இடத்தில் பிறகு ஷெட் போடலாம் என்ற நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடச் சொன்னேன்.

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று இரவு ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு வந்தது: சிமெண்ட் 28லிருந்து 18 சதவீதம், 22ஆம் தேதி முதல். ஒப்பந்ததாரர் கொடுத்த விலை ஆகஸ்டில் போட்டது. வரி குறைந்தால் அந்தக் குறைவு கட்டட உரிமையாளருக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். கொஞ்சம் முனகினார், பிறகு ஒத்துக்கொண்டார்.

மற்ற நிபந்தனைகள்: பணம் வேலை முடிந்த அளவுக்குத்தான். ஒவ்வொரு காங்கிரீட்டுக்கும் கியூப் (சோதனைக்கான கனசதுரக் கட்டி) எடுத்து 7, 28 நாளில் உடைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து சதவீதத்தை நிறுத்திவைத்து, கட்டடம் ஓர் அடைமழையும் ஒரு கோடையும் பார்த்த பிறகு கொடுப்பது. பொதுவாக ஆறு மாதம் எழுதுவார்கள். கரிசலுக்கு ஆறு மாதம் பத்தாது.

அனுமதி வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும். ஈரக் கரிசலில் பைல் துளை சரியும், அடுத்து மார்கழி. ஆக, வேலை தையில்தான். அதுவரை அண்ணாச்சிக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: உரம், பூச்சிமருந்து உரிமங்களில் புது முகவரி ஏற்ற என்னென்ன வேண்டும் என்று வேளாண் அலுவலகத்தில் கேட்டு வர வேண்டும். பூச்சிமருந்துக்குக் காற்றோட்டத்தோடு தனி அறை காட்ட வேண்டியிருந்தால், வரைபடத்தைச் சமர்ப்பிக்கும் முன்பே எனக்குத் தெரிய வேண்டும்.