அப்பாவின் பெயர் போட்ட பேட்ஜ்

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான். அதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை, 2018 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், புரோவோ நகரிலுள்ள மிஷனரி பயிற்சி மையத்தில் அந்தக் கறுப்பு பேட்ஜைக் கையில் வாங்கும்வரை. மேலே வெள்ளை எழுத்தில் 'சிஸ்டர் செல்வராஜ்'. கீழே எங்கள் சபையின் முழுப் பெயர், அதில் இயேசு கிறிஸ்து என்பது மட்டும் சற்றுப் பெரிதாக.

மிஷனரிகளை முதற்பெயர் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அடுத்த பதினெட்டு மாதங்களுக்கு நான் செல்வராஜ். அந்த செல்வராஜ் என்னோடு பேசி அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது.

அப்பா கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். நான் பள்ளியில் படிக்கும்போது அம்மாவும் நானும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் சேர்ந்தோம். வெளியில் மார்மன் என்று சொன்னால்தான் தெரியும். அப்பா தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்களை பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பட்டறைக்குப் போய்விடுவார். மிஷன், அதாவது சபையின் முழுநேர ஊழியத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றுதான் முகம் மாறியது. "வயசுப் புள்ளையை ஒண்ணரை வருசம் கண்காணாத ஊருக்கு அனுப்பிப்போட்டு நான் எப்படிம்மா தூங்கறது" என்று அம்மாவிடம்தான் கேட்டார், என்னிடம் இல்லை. அப்புறம் பேச்சே நின்றுபோனது. அவர் கோபக்காரர் அல்ல. பயந்தால் பேசமாட்டார். அது எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் சபையில் பையன்கள் பதினெட்டு வயதில் இரண்டு வருடம் போகலாம். அப்போதைய விதிப்படி பெண்கள் பத்தொன்பது வயதிலிருந்து ஒன்றரை வருடம் போகலாம். எங்கே போவது என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. கிளைத் தலைவரின் நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, பல் டாக்டரிடம் வாங்கும் சான்றிதழ் எல்லாம் முடிந்து விண்ணப்பம் போனது. செலவில் நம் பங்கை நாமே சேர்க்க வேண்டும். நான் பி.காம். முடித்து ஒரு மில் ஆபீஸில் ஒன்றேகால் வருடம் கணக்கு எழுதிச் சேர்த்தேன். இந்தியாவுக்குள்ளேயே டெல்லியோ பெங்களூரோ வரும் என்றுதான் நினைத்திருந்தேன். கடிதத்தைப் பிரித்தால் சால்ட் லேக் சிட்டி, டெம்பிள் ஸ்கொயர் மிஷன். அம்மா அழுதார். அப்பா எழுந்து போய் பைக்கைத் துடைத்தார்.

பயிற்சி மூன்று வாரம். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படிப்பு, ஜெபம், படிப்பு. சாப்பாட்டுக்கூடத்தில் எதிலுமே காரம் இல்லை, அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

டெம்பிள் ஸ்கொயர் என்பது ஊர் நடுவே பத்து ஏக்கர் வளாகம். 1853-இல் தொடங்கி நாற்பது வருடம் கட்டிய கருங்கல் ஆலயம் அங்கேதான் இருக்கிறது. அப்போது அந்த மிஷனில் இளம் மிஷனரிகள் எல்லோரும் பெண்கள்தான், பல நாடுகளிலிருந்து வந்தவர்கள். பேட்ஜுக்குக் கீழே அவரவர் நாட்டுக் கொடி. வருகிறவர்களைச் சுற்றிக் காட்டி, கேட்டால் எங்கள் நம்பிக்கையைச் சொல்வதுதான் வேலை. மழை, வெயில், பனி எதுவானாலும் வாசலில் நிற்போம்.

காலை ஆறரைக்கு எழ வேண்டும். அரைமணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. பிறகு தனியாக ஒரு மணி நேரம் வேதம் படிப்பது, அப்புறம் கம்பேனியனோடு, அதாவது நமக்கு ஜோடியாகப் போடப்படும் சக மிஷனரியோடு, சேர்ந்து படிப்பது. இரவு பத்தரைக்கு விளக்கு அணைந்துவிடும். டிவி இல்லை, சினிமா இல்லை, சும்மா போனை நோண்டும் நேரமும் இல்லை. இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது கம்பேனியன் விதிதான். குளியலறையைத் தவிர வேறெங்கும் நாம் தனியாக இருக்கக் கூடாது. கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் அவர் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றங்கள் அறிவிப்பார்கள், அதில் ஆள் மாறலாம், மாறாமலும் போகலாம்.

என் முதல் கம்பேனியன் பிலிப்பைன்ஸ் பெண். இரண்டாமவர் மங்கோலியா. முதல் மாதம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுவேன், சத்தம் வெளியே கேட்காது என்று நினைத்து. ஒருநாள் வெளியே வந்தபோது பிலிப்பைன்ஸ் சிஸ்டர் ஒன்றும் கேட்கவில்லை. குக்கரில் சோறு வைத்து, ஒரு முட்டையைப் பொரித்து மேலே போட்டு நீட்டினார். அவர்கள் ஊரிலும் மூன்று வேளையும் சோறுதானாம். இரண்டு பேரும் கையால் சாப்பிட்டோம். அந்தத் தட்டை நான் மறக்கவே மாட்டேன்.

எங்கள் காலத்தில் வீட்டுக்கு வாரம் ஒரு மின்னஞ்சல்தான். பேசுவது வருடத்துக்கு இரண்டே முறை: கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். வாரத்தில் ஒருநாள் பி-டே, அதாவது துணி துவைக்க, மளிகை வாங்க, கடிதம் எழுத விடும் நாள். நான் அம்மாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதுவேன். யாரைச் சந்தித்தேன், என்ன ஜெபித்தேன், எப்படிக் குளிர்கிறது. அம்மா அதை இரவு சாப்பாட்டுக்குப் பிறகு சத்தமாக வாசிப்பார். அப்பா எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

நவம்பரில் ஒரு வாரம் எழுத ஒன்றுமே இல்லை. சரி என்று எங்கள் வளாகத்திலுள்ள டேபர்னகிள் மண்டபத்தைப் பற்றி எழுதினேன். 1867-இல் கட்டி முடித்த மண்டபம். 250 அடி நீளம், 150 அடி அகலம், ஆமை ஓட்டைக் கவிழ்த்த மாதிரிக் கூரை, அதைத் தாங்க உள்ளே ஒரு தூண் கிடையாது. மேடையில் நின்று ஒரு குண்டூசியைக் கீழே போடுவோம், கடைசி வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும். ஒரு நாளைக்கு எத்தனை முறை போட்டிருப்பேனோ, ஒவ்வொரு முறையும் அந்த 'டிக்' எனக்குச் சிலிர்க்கும். அந்தக் கூரையைப் பாலம் கட்டும் ஒருவர்தான் வடிவமைத்தார். பாலைவனத்து ஊர், ரயில் இன்னும் வராத காலம், இரும்பு கிடைப்பது அரிது. அதனால் மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி மர ஆணி அடித்து இறுக்கினார்கள். சட்டம் எங்காவது விரிசல் விட்டால் பச்சைத் தோலைச் சுற்றிவிட்டார்கள், தோல் காய்ந்து சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். இவ்வளவுதான் எழுதினேன்.

அடுத்த வாரம் அம்மாவின் பதிலில் கடைசி வரி: "உங்கப்பா கேக்கறாரு, ஆணி அடிக்கறதுக்கு முன்னாடி ஓட்டை போட்டாங்களாமா, இல்ல அப்படியே அடிச்சாங்களாமான்னு."

அந்த வரியைக் கம்பேனியனுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அவளுக்குப் புரிந்திருக்குமா தெரியவில்லை, ஆனால் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் அன்று வீடியோவில் பேசியபோது அப்பா அம்மாவுக்குப் பின்னால் கதவோரம் நின்றிருந்தார். அம்மா போனைத் திருப்பினார். "ஓட்டை போட்டுத்தாங்கப்பா அடிச்சிருக்காங்க" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தத் தோல் சமாச்சாரம், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊத்துவாங்களே, அதே கணக்குத்தான் கண்ணு" என்றார். கண்ணு என்று அவர் வாயால் கேட்டு எட்டு மாதம்.

ஜனவரியில் என்னை ஐடஹோ மாநிலத்துக்கு அனுப்பினார்கள். டெம்பிள் ஸ்கொயர் சிஸ்டர்கள் நடுவில் சில மாதம் இப்படி வெளியே போய் வேலை செய்வது வழக்கம். உருளைக்கிழங்கு விளையும் சிற்றூர், முழங்கால் வரை பனி. அந்தக் குளிருக்குப் பாவாடையும் கம்பளிக் காலுறையும் எந்த மூலைக்கு? ஆனால் சிஸ்டர்கள் பேண்ட் போடலாம் என்று 2018 டிசம்பர் 20-ஆம் தேதிதான் அறிவிப்பு வந்திருந்தது. ஆலயம், ஞாயிறு ஆராதனை, மிஷன் மாநாடு, ஞானஸ்நானம் போன்றவற்றுக்கு மட்டும் பாவாடை. நான் போய் இறங்கிய வாரமே ஒரு கறுப்பு பேண்ட் வாங்கினேன்.

கதவு தட்டும் வேலை கடினம். திறந்து, பேட்ஜைப் பார்த்து, வேண்டாம் என்று மென்மையாகச் சொல்பவர்கள்தான் அதிகம். ஒருவர் மட்டும் நான் பேச வாயைத் திறக்குமுன் கதவை அறைந்து சாத்தினார். கதவின் காற்று முகத்தில் பட்டது. அன்று வேறு வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. பக்கத்துத் தெருவில் தனியாக இருந்த ஒரு பாட்டியின் வாசலில் பனியை வாரினோம். மண்வெட்டி மாதிரி அகலமான பிளாஸ்டிக் தட்டு, அதைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். மேலே பஞ்சு மாதிரி இருக்கும், அடியில் பாறை மாதிரி இறுகியிருக்கும். ஒரு மணி நேரத்தில் முதுகு வேர்த்துவிட்டது. பாட்டி என் பேட்ஜை எழுத்துக் கூட்டிப் படித்தார்: "செல்...வ...ராஜ்." அர்த்தம் கேட்டார். செல்வத்துக்கு ராஜா என்றேன், என் அப்பாவின் பெயர் என்றேன். "உன் அப்பாவுக்கு என் நன்றியைச் சொல்" என்றார்.

சொல்ல இரண்டு மாதமோ மூன்று மாதமோ காத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். 2019 பிப்ரவரி 15, வெள்ளிக்கிழமை, இனி மிஷனரிகள் வாரந்தோறும் வீட்டுக்குப் பேசலாம் என்று சபைத் தலைமை அறிவித்தது. நாங்கள் இருவரும் அந்தச் சின்னச் சமையலறையில் குதித்தோம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் கூப்பிட்டேன், கோவையில் இரவு ஒன்பதரை. அம்மா என்று கூப்பிடப் போனேன், எடுத்தது அப்பா. பட்டறையிலிருந்து வந்து குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்திருந்தார். பாட்டி சொன்னதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சாப்டியா சாமி" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் தவறவில்லை. இப்போது மிஷன் போகிற பிள்ளைகளுக்கு வாராந்திர அழைப்பு சாதாரணம். சிலர் அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். எனக்கு வருத்தமாக இருக்கும். முழு நேரமும் பேசுங்கள். எந்த விஷயத்தில் வீட்டில் ஒருவர் வாய் திறப்பார் என்று நமக்குத் தெரியாது.

சால்ட் லேக்குக்குத் திரும்பினபோது வசந்தம், வளாகமெங்கும் டூலிப் பூக்கள். அந்த ஏப்ரலில்தான் ஆலயத்தைச் சீரமைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தின் அடித்தளத்துக்குக் கீழே தோண்டி, நிலநடுக்கத்தின் ஆட்டம் மேலே ஏறாதபடி தாங்கிகள் வைப்பார்களாம். அப்பாவுக்கு அது போதும். இரண்டு மாதம் அதைப் பற்றித்தான் பேசினோம். கட்டடத்தைத் தூக்கிப் பிடிக்க என்ன ஜாக்கி, கல் எத்தனை டன், எவ்வளவு ஆட்டத்தைத் தாங்கும். பதில் தேடி நான் அங்கிருந்த வயதான தம்பதி மிஷனரிகளைத் துளைத்தெடுத்தேன்.

அந்தக் கோடையில் ஒரு ஈரோட்டுக் குடும்பம் வந்தது. மகன் அங்கே சாப்ட்வேர் வேலையில் இருந்தார். அந்த அம்மா புடவைக்கு மேலே ஸ்வெட்டர், காலில் ஷூ. பேட்ஜைப் பார்த்ததும், "செல்வராஜா? ஏனுங் கண்ணு, நம்மூருங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் தமிழில் சுற்றிக் காட்டினேன். ஜெபம் என்று தொடங்கினால் பாதியில் வார்த்தை கிடைக்கவில்லை, ஆங்கிலத்திலேயே ஜெபித்து ஒரு வருடமாகிவிட்டிருந்தது. அன்று இரவிலிருந்து என் தனி ஜெபத்தைத் தமிழுக்கு மாற்றினேன்.

2019 டிசம்பர் 29-ஆம் தேதி ஆலயம் மூடப்பட்டது. வேலி எழும்பியது. 2020 பிப்ரவரி கடைசி வாரம் நான் கோவை வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்தார். அப்பா பெட்டியைத்தான் முதலில் வாங்கினார். அன்று மாலை முறைப்படி ஊழியத்திலிருந்து விடுவித்தார்கள், பேட்ஜைக் கழற்றினேன். வீட்டில் அப்பா அதைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் பெயர் மேல் கட்டைவிரலை ஓட்டினார். "எழுத்தைச் சுத்தமா வெட்டியிருக்கான்" என்றார்.

மார்ச் 18. ஊரெங்கும் கொரோனா பேச்சு, பட்டறையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தார். இரவு தோசைக்குச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். போனைப் பிடித்தபடி சமையலறைக்கு வந்தார். சால்ட் லேக்கில் நிலநடுக்கம், 5.7. ஆலய உச்சியில் நிற்கும் பொன் தேவதூதன் சிலையின் கையிலிருந்து எக்காளம் கழன்று விழுந்துவிட்டதாகப் படம் வந்திருந்தது. நான் மிக்ஸியை நிறுத்தினேன்.

"அது கிடக்கட்டும் கண்ணு, அதை மறுபடி மாட்டிக்குவாங்க" என்றார். "அந்த மர ஆணிக் கூரைக்கு ஒண்ணும் ஆகலையே? உன்ற கூட இருந்த பிள்ளைகளுக்குப் போனைப் போட்டுக் கேளு."