மழைக்கணக்கு நிரலும் செத்துப்போன இணைப்புகளும்

ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி ஒன்றில் ஓடும் சிறிய பைதன் நிரல் இது. அரை மணிக்கு ஒருமுறை ஓமந்தை, கனகராயன்குளம், மாங்குளம், ஒட்டுசுட்டான், கிளிநொச்சி என்று வன்னியின் சில இடங்களுக்கான மழை எதிர்வுகூறலை ஓப்பன்-மீட்டியோ என்ற வானிலைச் சேவையில் இருந்து எடுத்து, விறாந்தையில் மாட்டியிருக்கும் பழைய டேப்லட்டில் காட்டும். வணிகம் அல்லாத பயன்பாட்டுக்கு அங்கே சாவி எதுவும் கேட்பதில்லை. கூடவே முற்றத்து மழைமானியின் அளவை நிமிடத்துக்கு ஒருமுறை நான் வாடகைக்கு வைத்திருக்கும் சின்னச் சேர்வருக்கு அனுப்பும்.

தெற்குப் பக்கத்து இடங்களைச் சேர்த்ததற்குக் காரணம் உண்டு. இரணைமடுக் குளத்துக்கு நீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. கிளிநொச்சியில் வெயில் எறித்தாலும் மேலே பெய்தால் குளம் ஏறும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்து, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்ட நாட்களை இங்கே யாரும் மறக்கவில்லை. காலபோகம் (மாரிகால நெற்செய்கை) செய்பவர்களுக்கு ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை மழைதான் பேச்சு. அதனால் திரையில் நிற்கும் எண் பழசாக இருக்கக் கூடாது என்பது எனக்கு முக்கியம்.

பழசாக நின்றது. மாமா வயலுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது காலமை காட்டின மழையல்லோ? இன்னும் மாறேல்லையே" என்றார். நிரல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. லொக்கில் பிழை எதுவும் இல்லை. ஏதோ ஒரு பதிலுக்காக அது பேசாமல் காத்துக்கொண்டிருந்தது.

இணைப்புத் தொகுப்பை, அதாவது திறந்த இணைப்புகளை மூடாமல் வைத்து மறுபடி பயன்படுத்தும் முறையை, நான் உள்ளே கொண்டுவந்தது வேகத்துக்காக. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்புத் திறந்தால், இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலுக்குப் போய்வர ஒரு சுற்று, மறையாக்கத்துக்கான டிஎல்எஸ் 1.3 என்றால் இன்னொரு சுற்று, அதன் பிறகுதான் கேள்வியும் பதிலும். டிஎல்எஸ் 1.2 என்றால் அதற்கு மட்டும் இரண்டு சுற்று. இங்கிருந்து கடல் கடந்து போய் வர ஒரு சுற்றுக்குக் கால் விநாடி என்று வைத்தாலும், ஒரு சின்ன எண்ணைக் கேட்க முக்கால் விநாடிக்கு மேல் போகிறது. எச்டிடிபி 1.1-இல் இணைப்பை மூடாமல் வைத்திருப்பதுதான் வழக்கம். பைதனின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் ஒரு செஷனை உருவாக்கி அதன் வழியாகவே எல்லாவற்றையும் கேட்டால், முதல் கோரிக்கைக்குப் பிறகு கைகுலுக்கல் இல்லை. எல்லா இடங்களையும் ஒரே கோரிக்கையில் கேட்கவும் ஓப்பன்-மீட்டியோவில் வழி உண்டு. நான் தனித்தனியாகவே கேட்கிறேன், இழுபறிச் சிக்னலில் ஒன்று தவறினாலும் மற்றவை வந்துவிடும் என்பதற்காக.

சரி, தொகுப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது? தொகுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும் பதில் ஒன்றுதான். 200 வந்தது, ஜேசன் சரி என்று பார்க்கும் சோதனைக்கு இணைப்பைப் பற்றி எதுவும் தெரியாது. எண்ண வேண்டிய இடம் சேர்வர் பக்கம்.

பைதனோடு வரும் சிறிய எச்டிடிபி சேர்வரை எடுத்தேன். அதில் ஒவ்வொரு கோரிக்கையின் போதும் வாடிக்கையாளரின் (கேட்கும் நிரலின்) முகவரியும், இணைப்புக்கு இணைப்பு மாறும் போர்ட் எண்ணும் கிடைக்கும். அந்தப் போர்ட் எண்களை ஒரு பட்டியலில் சேர்த்தேன். எல்லாக் கோரிக்கையும் ஒரே போர்ட்டில் இருந்து வந்தால் ஒரே இணைப்பு. வேறு வேறு போர்ட் என்றால் ஒவ்வொரு முறையும் புதிது. இதைச் செய்து பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று: அந்தச் சேர்வர் இயல்பில் எச்டிடிபி 1.0 பேசும், பதில் கொடுத்ததும் இணைப்பை மூடிவிடும். நெறிமுறைப் பதிப்பை 1.1 என்று மாற்றி, பதிலோடு கன்டென்ட்-லெங்த் தலைப்பையும் அனுப்ப வேண்டும். நீளம் தெரியாவிட்டால் பதில் எங்கே முடிகிறது என்று வாடிக்கையாளருக்குத் தெரியாது, காத்துக்கொண்டே நிற்கும்.

மாற்றியதும் ஒரே போர்ட் வரிசையாக வந்தது. பார்க்கச் சந்தோசமாக இருந்தது.

அப்புறம் சின்னச் சின்னச் சோதனைகள். ஸ்ட்ரீம் முறையில் (பதிலைச் சிறிது சிறிதாக வாசிக்கும் முறை) கேட்டு, பதிலின் உடலை வாசிக்காமல் விட்டால் இணைப்புத் தொகுப்புக்குத் திரும்பாது; அடுத்த கோரிக்கை புதிய போர்ட்டில் வரும். ஒரு ஹோஸ்டுக்கு 10 இணைப்பு என்பது ரிக்வெஸ்ட்ஸின் இயல்பு அளவு. அதைவிடக் கூடுதலான திரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் கேட்டால் அது தடுக்காது, மேலதிகமாகத் திறந்து, முடிந்ததும் எறிந்துவிடும். என் நிரலுக்கு இது பிரச்சினை இல்லை.

சேர்வர் தானாக மூடுவதையும் பார்த்தேன். சேர்வர் சும்மா காத்திருக்கும் நேரத்தை (டைம்அவுட்) ஒரு விநாடி என்று வைத்து, முதல் கோரிக்கைக்குப் பிறகு இரண்டு விநாடி காத்திருந்து மறுபடி கேட்டேன். சேர்வர் மூடும்போது அந்தச் செய்தி வாடிக்கையாளரின் சொக்கெட்டுக்கு (இணைப்பின் அந்தப் பக்க முனைக்கு) வந்து சேர்ந்துவிடுகிறது. ரிக்வெஸ்ட்ஸுக்கு அடியில் இருக்கும் யூஆர்எல்லிப்3 ஒரு இணைப்பை மறுபடி கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்து, மூடியிருந்தால் புதிதாகத் திறக்கும். இரண்டு போர்ட், இரண்டு நல்ல பதில். ஆக, எங்கள் வீட்டில் நடந்தது இது அல்ல.

எஞ்சியது சத்தமில்லாமல் சாகும் இணைப்பு. மொபைல் வழியாகப் போகும்போது இடையில் முகவரி மாற்றும் பெட்டி ஒன்று இருக்கிறது. எந்த வீட்டு இணைப்பு எந்த வெளி இணைப்போடு பொருந்தும் என்று அது ஒரு அட்டவணை வைத்திருக்கும். கொஞ்ச நேரம் எதுவும் போகாவிட்டால் அந்த வரியை அழித்துவிடும். இரண்டு முனைக்கும் அறிவிப்பு வராது. நடுவில் வாய்க்கால் உடைந்தது தெரியாமல் கடைசி வயற்காரன் தண்ணீருக்குக் காத்திருப்பது போலத்தான் நிரல் காத்திருந்தது.

இதை மேசையிலேயே செய்து பார்க்க முடியுமா என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சேர்வரின் போர்ட்டையே லினக்ஸின் பொதி வடிகட்டியான ஐபிடேபிள்ஸால் அடைத்தால் புதிய இணைப்பும் போகாது. அது சிக்னல் முழுதாகப் போனதற்குச் சமம், நான் தேடியது அதுவல்ல. பழைய இணைப்பு மட்டும் சாக வேண்டும், புதியது திறக்க வேண்டும். வழி முன்னமே கையில் இருந்தது. முதல் கோரிக்கையின் போர்ட் எண்ணைச் சேர்வர் எழுதி வைத்திருக்கிறதே! அந்தப் போர்ட்டில் இருந்து வரும் பொதிகளை மட்டும் பேசாமல் எறியும்படி ஐபிடேபிள்ஸில் ஒரு விதி போட்டேன். ரூட் அனுமதி வேண்டும், லினக்ஸில்தான் ஓடும், சோதனை முடிந்ததும் விதியை நீக்க மறக்கக் கூடாது. ஆனால் உண்மையில் நடப்பதற்கு இதைவிட நெருக்கமான சோதனை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கோரிக்கை அப்படியே நின்றது. யூஆர்எல்லிப்3 பார்த்தபோது சொக்கெட்டில் மூடிய செய்தி இல்லை, ஆகவே உயிரோடு இருக்கிறது என்று நினைத்து அனுப்பியது. ரிக்வெஸ்ட்ஸுக்கு இயல்பில் டைம்அவுட் கிடையாது. லினக்ஸ் கேர்னல் மறுபடி மறுபடி அனுப்பிப் பார்த்து, இயல்பு அமைப்பில் ஏறக்குறைய 15 நிமிடத்துக்குப் பிறகுதான் கைவிடும். கோரிக்கை போய்ச் சேர்ந்து, பதில் வரும் வழியில் இணைப்புச் செத்தால் இன்னும் மோசம். அப்போது நம் பக்கம் மறுபடி அனுப்ப எதுவும் இல்லை. காத்திருப்புக்கு முடிவே இல்லை. விறாந்தையில் நின்றுபோன எண்ணுக்கு இந்த விளக்கம் பொருந்துகிறது.

முதல் மருந்து டைம்அவுட்: இணைக்க 5 விநாடி, வாசிக்க 10 விநாடி. இதை எந்தக் கோரிக்கையிலும் விடக் கூடாது. அடுத்தது மறுமுயற்சி. இங்கேதான் சோதனை எனக்கு நல்லதொரு விசயத்தைக் காட்டியது. நான்கு திரெட்கள் விட்டுப்போன நான்கு இணைப்புகளும் ஒரே நேரத்தில் செத்தாலும், தனியாக வரும் ஒரு கோரிக்கைக்கு ஒரு மறுமுயற்சி போதும். யூஆர்எல்லிப்3 கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும். முதல் செத்த இணைப்பு 10 விநாடி தின்றபின் அதை மூடி, அதன் வெற்று இடத்தை மேலே வைக்கும்; அதனால் மறுமுயற்சிக்குக் கிடைப்பது புதிய இணைப்பு, மற்ற மூன்று செத்த இணைப்புகளும் கீழேயே கிடக்கும். நான்கு போர்ட்டுக்கும் விதி போட்டுப் பார்த்தால் இது கண்முன்னால் நடக்கும். ஓர் இணைப்பை எவ்வளவு நேரம் சும்மா வைத்திருக்கலாம் என்ற வரம்பும் யூஆர்எல்லிப்3-இல் இல்லை. எச்டிடிபிஎக்ஸ் நூலகத்தில் உண்டு. இயல்பில் 5 விநாடி சும்மா இருந்த இணைப்பை அது மறுபடி பயன்படுத்தாது.

எதிர்வுகூறல் பகுதிக்கு நான் எடுத்த முடிவு எளியது. ஒரு சுற்றுத் தொடங்கும்போது செஷனைத் திற, எல்லா இடத்தையும் கேள், சுற்று முடிந்ததும் மூடு. அரை மணி நேரம் இணைப்பைக் காத்து வைப்பதில் நன்மை எதுவும் இல்லை. கைகுலுக்கல் மிச்சமாவது சுற்றுக்குள்தான்.

மழைமானிப் பகுதி வேறு. நிமிடத்துக்கு ஒரு போஸ்ட் (தரவை அனுப்பும் கோரிக்கை), அதற்கு இணைப்பை வைத்திருப்பது தகும். லினக்ஸில் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று கேட்கும் டிசிபி கீப்-அலைவ் முதல் செய்தியை அனுப்ப இயல்பில் 7200 விநாடி எடுக்கும், இடையில் உள்ள பெட்டி அதற்கு முன் மறந்துவிடலாம். அதை 30 விநாடி ஆக்கினேன். பிரச்சினை மறுமுயற்சியில்தான்: டைம்அவுட் வந்தால், அளவு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று தெரியாது. மறுபடி அனுப்பினால் ஒரே மழை இரண்டு தரம் பதியலாம். இதனால்தான் யூஆர்எல்லிப்3 போஸ்டைத் தானாக மறுபடி அனுப்புவதில்லை. ஒவ்வோர் அளவுக்கும் ஓர் அடையாள எண் கொடுத்து, ஏற்கெனவே வந்த எண்ணைச் சேர்வர் ஒதுக்கும்படி செய்தேன். இதற்கும் ஐபிடேபிள்ஸ் சோதனை உண்டு, ஆனால் விதி மறுபக்கம்: சேர்வர் அனுப்பும் பதிலை மட்டும் எறிய வேண்டும். நிரல் புதிய போர்ட்டில் மறுபடி அனுப்பும். தரவுத்தளத்தில் ஒரு வரிதான் இருக்க வேண்டும். இருந்தது.

இப்போது நிரலை மாற்றும்போதெல்லாம் இந்தச் சோதனைகள் ஓடுகின்றன. டேப்லட்டில் எண்ணுக்குக் கீழே அது எடுக்கப்பட்ட நேரத்தையும் காட்டுகிறேன். ஒரு மணிக்கு மேல் பழசானால் எண் சிவப்பாகும். அடுத்து எச்டிடிபிஎக்ஸுக்கு மாற்றி, தொகுப்பில் இடம் இல்லாமல் திரெட்கள் காத்திருக்கும் நிலையைச் சோதிக்கப் போகிறேன். முத்தையன்கட்டு, வவுனிக்குளம் பக்கத்து இடங்களையும் சேர்க்கச் சொல்லி மாமா கேட்டிருக்கிறார், அதற்குள் அது தேவைப்படும்.