செத்த காலேஜுக்கு 84 பேர்

ஜூலை 7, திங்கள்

எட்டாம் வகுப்பு, இரண்டு பிரிவு, 84 பிள்ளைகள். தண்டையார்பேட்டையிலிருந்து எழும்பூர் அரசு அருங்காட்சியகம். முதலில் 25ஆம் தேதி என்றுதான் பேச்சு. அது வெள்ளி, வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. மியூசியம் என்றால் திங்கள்தான் மூடியிருக்கும் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. 23, புதன் என்று மாற்றியாயிற்று.

பெற்றோருக்கான ஒப்புதல் கடிதத்தில் 'மியூசியம்' என்றே எழுதியிருக்கிறோம். வீட்டுப் பாட்டிகளுக்கு இன்னமும் அது செத்த காலேஜ்தான். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அந்த உயிர் காலேஜும் 1855இல் இதே எழும்பூர் வளாகத்தில்தான் தொடங்கியது.

ஜூலை 9, புதன்

பள்ளி முகப்புத்தாளில் அருங்காட்சியகத்துக்குக் கடிதம்: தேதி, வரும் நேரம், வகுப்பு, மாணவர் எண்ணிக்கை, உடன் வரும் பெரியவர்கள், தலைமை ஆசிரியர் கையெழுத்து, முத்திரை. மூன்று நகல். ஒன்று டிக்கெட் கவுண்டருக்கு, ஒன்று வாயில் காவலருக்கு, ஒன்று நம் கையில். நகல் இல்லாமல் போய் நின்றால் கவுண்டரில் விளக்கம் சொல்லியே கால் மணி கரையும்.

ஜூலை 12, சனி

பிள்ளைகள் இல்லாமல் ஒரு நடை போய் வந்தாயிற்று. இதை விட்டால் மற்றத் திட்டமெல்லாம் காகிதத்தோடு சரி. எழும்பூர் மெட்ரோவிலிருந்து மியூசியம் வாசல் வரை பெரியவர் நடைக்கு 15 நிமிடம். 84 பேர் வரிசைக்கு 25 என்று வைத்துக்கொள்ள வேண்டும்; கென்னட் லேன் நடைபாதை இரட்டை வரிசைக்குப் போதாது.

கழிப்பறைக் கணக்கு: பெண் பிள்ளைகள் 40 பேர், மூன்று அறை, ஆளுக்கு இரண்டு நிமிடம். கிட்டத்தட்ட அரை மணி. ஒரே நேரத்தில் அனைவரையும் அனுப்பினால் காலை வேளை அதிலேயே போய்விடும். சுற்று மாறும்போது குழு குழுவாக அனுப்புவது.

ஜூலை 15, செவ்வாய்

எதை விடுவது என்பதுதான் இன்றைய வேலை. ஆறு கட்டடம், நாற்பதுக்கு மேல் கூடங்கள். முழுதும் காட்டப் பார்த்தால் பிள்ளைகள் படிக்கட்டை மட்டும்தான் பார்ப்பார்கள். மூன்று கூடம் போதும்.

அமராவதிச் சிற்பங்கள். வெண்கலக் கூடம். முன்வரலாற்றுக் கருவிகள்.

ஓவியக் கூடத்தை விடுவதில் ஓர் ஆசிரியருக்கு வருத்தம்தான். நேரம் இல்லை.

14 பேர் கொண்ட ஆறு குழு, குழுவுக்கு ஒரு பெரியவர், கூடுதலாக ஒருவர். ஒரு கூடத்தில் ஒரு நேரத்தில் இரண்டே குழு. 10:00–10:40, 10:50–11:30, 11:40–12:20. சாப்பாட்டுக்குப் பின் திமிங்கில எலும்புக்கூடு. அதற்குக் கேள்வித்தாள் கிடையாது. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளைகளே பாடம் நடத்திவிடுவார்கள்.

ஜூலை 17, வியாழன்

கேள்வித்தாள். போன தடவை 20 கேள்வி. பிள்ளைகள் சிலையை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பெயர்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தார்கள். இந்தத் தடவை கூடத்துக்கு இரண்டே கேள்வி, பலகையில் விடை இல்லாததாக.

அமராவதி: நளகிரி யானை வட்டச் சிற்பம். 'இதில் எத்தனை யானை?' இரண்டு என்பார்கள். யானை ஒன்றுதான். ஒரு பக்கம் மதம் பிடித்து ஆளைத் தூக்கிச் சுழற்றுகிறது. மறுபக்கம் புத்தர் முன் மண்டியிட்டிருக்கிறது. ஒரே கல்லில் ஒரே யானை, முதலில் நடந்ததும் பிறகு நடந்ததும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் நிற்க வேண்டும். அது நமக்குத்தான் கஷ்டம்.

வெண்கலம்: திருவாலங்காட்டு நடராஜர். 'வழக்கமான நடராஜரிடம் இருந்து, இவரிடம் இல்லாதது எது?' சுற்றியிருக்கும் சுடர் வட்டம், அதாவது திருவாசி.

முன்வரலாறு: 1863இல் பல்லாவரத்தில் நிலவியல் அறிஞர் ராபர்ட் புரூஸ் ஃபுட் கண்டெடுத்த கற்கோடரி பற்றி. பல்லாவரம் தாம்பரம் லைன், திருவாலங்காடு அரக்கோணம் லைன். இரண்டுமே ரயில் நிற்கும் ஊர்கள் என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

எழுதப் பென்சில் மட்டும். பேனா மை சிற்பத்தில் பட்டால் போகாது.

ஜூலை 22, செவ்வாய்

வெண்கலச் சிலை செய்யும் மெழுகு வார்ப்பு முறை இன்று வகுப்பிலேயே: மெழுகில் உருவம், மேலே களிமண் பூச்சு, சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும், அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகம். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் அதே அச்சில் இன்னொன்று வராது.

சாப்பாடு புளியோதரை, எலுமிச்சை சாதம். தயிர் சாதம் வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்.

மெட்ரோவில் ஒரு கதவுக்கு ஒரு குழு. கதவு மூடிவிட்டால் ஓடிப் பிடிக்கக் கூடாது. மீதிப்பேர் பெரியவரோடு நடைமேடையிலேயே நின்று அடுத்த வண்டியில் ஏறுவது. அதனால் குழுப் பெரியவர் எப்போதும் கடைசியில்தான் ஏற வேண்டும். சென்ட்ரலில் வண்டி மாறும் இடத்தில் நின்று தலை எண்ணுவது.

ஜூலை 23, புதன், இரவு

84 போய் 84 திரும்பியது. மெட்ரோவின் தானியங்கி வாயிலில்தான் நேரம் போனது. ஆள் ஒன்றுக்கு நான்கு நொடி என்றாலும் ஆறு நிமிடம் ஆகிறது, நாங்கள் இரண்டுதான் ஒதுக்கியிருந்தோம். அமராவதியில் 40 நிமிடம் போதவில்லை, முன்வரலாற்றில் 25 நிமிடத்திலேயே முடிந்துவிட்டது. அடுத்த முறை 50, 40, 30. ஆனால் கூடங்களுக்கு நேரம் சமமாக இல்லாவிட்டால் சுழற்சி இடிக்கும். முன்வரலாற்றுக் குழுக்களின் கழிப்பறை நேரத்தை அந்த 20 நிமிட இடைவெளியில் போட வேண்டும்.