ஹாலே நகரில் கேட்ட குரல்

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலிருந்து அரை மணி நேர ரயில் பயணம். ஹாலேயில் இறங்கியதும் பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேரே சந்தைச் சதுக்கத்துக்குப் போனேன். நடுவில் இசையமைப்பாளர் ஹாண்டெலின் வெண்கலச் சிலை, 1859-இல் வைத்தது. பக்கத்திலேயே அவர் 1685 பிப்ரவரியில் ஞானஸ்நானம் பெற்ற தேவாலயம். சிறு வயதில் அவர் வாசித்துப் பழகிய சின்ன ஆர்கன் இன்னும் பலிபீடத்துக்கு மேலே இருக்கிறது. அதை அண்ணாந்து பார்த்தபடி கழுத்து வலிக்கும்வரை நின்றிருந்தேன்.

மாலைக் கச்சேரி உல்ரிக் தேவாலயத்தில். இப்போது அது இசையரங்கம். பாடியவர் ஒரு கவுண்டர்டெனர். குரல் உடைந்து வளர்ந்த ஆண்தான். மேல்குரலைப் பயிற்சியால் உரமேற்றிப் பெண்களின் ஸ்தாயியில் பாடுகிறார். நம் ஊரில் கள்ளத் தொண்டை என்று ஒதுக்குவார்களே, அந்தக் குரல். ஹாண்டெலின் 'ரினால்டோ' இசைநாடகத்திலிருந்து 'காரா ஸ்போஸா' பாடலை அவர் எடுத்ததும் முதல் சில நொடிகள் காது திகைத்தது. பிறகு அந்தக் குரலில் கள்ளம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிட்டது. மணக்கவிருந்த காதலியைப் பறிகொடுத்தவனின் புலம்பல் அது. இடைப்பகுதியில் சினந்து சீறிவிட்டு முதல் பகுதிக்கே திரும்பும்போது, அதே வரிகளில் புதிய சங்கதிகள் விழுந்தன. அவருடைய இடது கை விரல்கள் தொடையோரம் மெல்ல அசைந்துகொண்டே இருந்தன.

இந்தப் பாடல்களில் பல, காஸ்ட்ராட்டோக்கள் பாடுவதற்காக எழுதப்பட்டவை. குரல் உடையக் கூடாதென்று சிறு வயதிலேயே விதையறுக்கப்பட்டவர்கள் அவர்கள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. எந்தப் பிள்ளையின் உடலிலும் கத்தி படாமல் இந்த இசை நமக்குக் கிடைக்கிறது என்பதற்காகவே கவுண்டர்டெனர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

இடைவேளையில் பலர் காபி குடிக்கப் போனார்கள். நான் மேடையருகே போனேன். பியானோவுக்கு முந்தைய தந்தி வாத்தியமான ஹார்ப்சிகார்டை ஒருவர் சிறு சாவியால் தந்தி தந்தியாகச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஆட்டுக் குடலில் செய்த வயலின் தந்திகளும் அரங்கின் வெப்பத்தில் சுருதி இறங்கிவிடுமாம்.

இரண்டாம் பாதியில் மொசார்ட் 14 வயதில் எழுதிய 'மித்ரிதாத்தே' இசைநாடகத்திலிருந்து ஒரு பாடல். அடுத்து, நான் காத்திருந்த பாடல், இசையமைப்பாளர் குளுக்கின் 'ஓர்ஃபேயோ' இசைநாடகத்திலிருந்து. 1762-இல் வியன்னாவில் முதன்முதலாக ஓர்ஃபேயோவாகப் பாடியவர் குவாதாஞ்ஞி என்ற காஸ்ட்ராட்டோ. அதே குவாதாஞ்ஞிக்காகத்தான் 1750-இல் லண்டனில் ஹாண்டெல் தம் 'மெசையா' என்னும் பக்தி இசைப்படைப்பின் சில பாடல்களை மாற்றி எழுதினார். ஹாண்டெலின் பரோக், குளுக்கின் கிளாசிக்கல் என்று நாம் பிரித்துப் படிக்கும் இரண்டு காலங்களும் ஒரே தொண்டையில் வாழ்ந்திருக்கின்றன!

'யூரிதிச்சே இல்லாமல் நான் என்ன செய்வேன்' என்று இறந்த மனைவிக்காக ஓர்ஃபேயோ புலம்புவது அந்தப் பாடல். மெட்டோ மகிழ்ச்சிக்கு உரியதென்று சொல்லப்படும் மேஜர் சுரவரிசையில், வெயில்போல் தெளிவாகப் போகிறது. மூன்றாம் முறை பல்லவி வந்தபோது குரலை மிகவும் தாழ்த்திப் பாடினார். அழுதுவிட்டேன்.

கைதட்டல் ஓயாததால் ஹாண்டெலின் 'ஓம்ப்ரா மாய் ஃபூ' பாடினார். பாரசீக மன்னன் ஒருவன் மரத்தின் நிழலைப் போற்றிப் பாடுவது. முதல் சுரம் எப்போது தொடங்கியதென்றே தெரியவில்லை. கேட்டபோது அது ஏற்கெனவே அரங்கில் இருந்தது, பெருகிக்கொண்டிருந்தது. என் பக்கத்தில் இருந்த மூதாட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது இரவு பத்து மணி. ஜூன் மாத வானத்தில் வெளிச்சம் இன்னும் வடியவில்லை. விடுதிக்குப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் சற்று நேரம் நின்றேன்.