ஆறு இட்லி தின்னாலும் சாப்பிடலதான்

நேத்து ராத்திரி அம்மா போன். "சாப்டியா?" ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், அப்புறம் மனசு கேக்காம இன்னொரு பரோட்டான்னு கணக்கு ஒப்பிச்சேன். எல்லாத்தையும் கேட்டுட்டு "சரி, சாப்பாடு?"ங்கறாங்க.

அகராதியில சாப்பாடுன்னா உணவு, அவ்ளோதான். எங்க வீட்ல அது செல்லாது. இங்க சாப்பாடுன்னா சோறு, அதுவும் குழம்பு ஊத்தி ரசம் ஊத்தி கடைசியா மோர் ஊத்தி எந்திரிக்கணும், மத்த இட்லி தோசை பொங்கல் எல்லாம் வயிறு முட்ட தின்னாலும் டிபன்தான். (பொங்கலும் அரிசிதானம்மான்னு ஒருதடவ கேட்டேன். மொறச்ச மொறப்புல அதோட விட்டுட்டேன்.) அமாவாசை ராத்திரி அம்மா விரதம் வேற. நாலு தோசை, தேங்கா சட்னி. கேட்டா "சோறா தின்னேன், பலகாரம்தானே"ம்பாங்க. பலகாரங்கற வார்த்தையே சமஸ்கிருத பலாகாரத்துல இருந்து வந்தது, பழ உணவுன்னு அர்த்தம். பழம் எந்த வழியா தோசைக்கல்லுக்கு வந்துச்சோ!

டிபனும் அப்படித்தான். இங்க இருந்த வெள்ளக்காரங்க மத்தியானம் லேசா சாப்பிடறதுக்கு வச்ச பேரு. மும்பைல வேல பாத்தப்ப ரூம்மேட் டிபன் வந்துருச்சுன்னு கத்துனான்னு இட்லி நெனப்புல ஓடுனா, டப்பாவுல சப்பாத்தி, பருப்பு, சோறு. அங்க டிபன்னா அந்த டப்பா. "டிபன்ல சாப்பாடு வந்துச்சும்மா"ன்னு போன்ல சொன்னா அம்மாவுக்கு ஒண்ணும் புரியல.

ஆனா அம்மாவோட அர்த்தமும் ஒண்ணும் பழசு இல்ல. அப்பத்தாவுக்கு ஊரு கோவில்பட்டி பக்கம், கரிசக்காடு. அவங்களுக்கு சோறுன்னா கம்மஞ்சோறு, இல்லாட்டி குதிரவாலி. கம்புல தண்ணி தெளிச்சு உரல்ல குத்தி, உமி பொடச்சு, காச்சி உருண்ட புடிச்சு தண்ணிக்குள்ள போட்டு வச்சு, காலைல மோர் ஊத்திக் கரைச்சு சின்ன வெங்காயத்தக் கடிச்சுக்கிட்டு குடிக்கறது. அரிசில ஆக்குனா அத சும்மா சோறுன்னு சொல்லவே மாட்டாங்க, நெல்லுச்சோறுன்னு அழுத்திதான் சொல்லுவாங்க, அது நாள் கிழமைக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். இப்ப தலைகீழ், கம்புக்குத்தான் பேர் சொல்ல வேண்டியிருக்கு.

இட்லியும் அவங்க காலத்துல தீவாளிக்கு மட்டும்தான். கடைசி காலத்துல எங்க கூட இருந்தப்ப தெனம் காலைல தட்டுல இட்லிய வச்சா கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு அம்மாகிட்ட கேப்பாங்க, "ஏந்தாயி, இன்னைக்குமா தீவாளி?"