முகப்பில் மீட்டர், பின்கட்டில் மோட்டார்: வயரின் மின்தடைக் கணக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பழைய வீடுகள் பல ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. மீட்டர் முகப்பில் இருக்கும், போர் மோட்டார் பின்கட்டில். கண்ணாடிபோல இழைத்த சுண்ணாம்புச் சுவரைக் கொத்த யாருக்கும் மனசு வராது. வயர் ஓட்டுக்கூரைக்கு அடியில் வளைந்து வளைந்துதான் போகும். வீடு 45 மீட்டர் என்றால் வயர் 60 மீட்டராகிவிடும்.

இந்த வயரின் மின்தடை தெரிய, உலோகத்துக்கு உலோகம் மாறும் மின்தடை எண்ணை நீளத்தால் பெருக்கி, குறுக்குவெட்டுப் பரப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். நீளத்தை மீட்டரிலும் பரப்பைச் சதுர மில்லிமீட்டரிலும் வைத்துக்கொண்டால் செம்புக்கு 0.0172, அலுமினியத்துக்கு 0.028.

பலர் சறுக்குவது நீளத்தில். போக 60, வர 60, ஆக 120 மீட்டர். 1.5 ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ.) செம்பு வயருக்கு 0.0172 × 120 ÷ 1.5 = 1.38 ஓம். ஒரு ஹெச்பி மோட்டார் 7 ஆம்பியர் இழுத்தால் 9.6 வோல்ட் குறையும்; ஓடும்போது சமாளித்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போது ஐந்து மடங்கு இழுத்தால் 48 வோல்ட் போய்விடும். மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும், பழி மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டர் மேல் விழும். 4 ஸ்கொயர் போட்டால் அதே இடத்தில் 18 வோல்ட்தான். சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் கம்பி 50 டிகிரிக்குப் போனால் இந்த மின்தடை இன்னும் 12 சதவீதம் ஏறும்.

பழைய வயரில் அளவு அச்சடித்திருக்காது. 3/20 என்பது 20 கேஜ் (கம்பிப் பருமனின் பழைய எண்) இழை மூன்று. உறையைச் சீவி ஒற்றை இழையை ஸ்க்ரூகேஜில் வையுங்கள்: 0.914 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தை 0.785-ஆல் பெருக்கினால் 0.656, மூன்றுக்கும் 1.97 சதுர மி.மீ. மூன்றையும் சேர்த்துப் பிடித்து அளந்தால் 1.8 மி.மீ. காட்டும், பரப்பு 2.54 என்று வரும். நடுவில் இருக்கும் காற்றையும் செம்பு என்று எண்ணிவிட்டீர்கள். விட்டத்தை ஆரமாக எடுத்தாலோ பரப்பு நாலு மடங்காகி, மின்தடை நாலில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

சரிபார்க்க மல்டிமீட்டரின் ஓம் பக்கம் உதவாது. அதன் புரோப் வயரே 0.2 ஓம் காட்டும். மோட்டார் முனையில் 1000 வாட் ஹீட்டரைப் போட்டு, ஓடும்போதே மீட்டர் முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட் பாருங்கள். 1.5 ஸ்கொயருக்கு வித்தியாசம் 6 வோல்ட் வர வேண்டும். 12 வந்தால் வயரைக் குறை சொல்லாதீர்கள், எங்கோ ஒரு முறுக்கு ஜாயின்ட் தளர்ந்திருக்கிறது. மிச்ச 6 வோல்ட்டும் அந்த ஒரே இடத்தில் விழுந்தால் அங்கே 26 வாட் சூடு, அதுவும் மரக்கட்டை மேல். முதலில் அதைத் தேடிப் பிடியுங்கள்.