பிரேக் பேட் மாற்றிய நாட்குறிப்பு

ஜூன் 4

பிரேக் தளரும்போது கால் சொல்லும் சேதியைக் கவனிக்க வேண்டும். பெடல் மெத்தென்று உள்ளே இறங்கினால் பிரேக் ஆயில் கொதித்து அதன் குழாயில் ஆவி சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெடல் கெட்டியாக நிற்கிறது, ஆனால் வண்டி நிற்க மறுக்கிறது என்றால், சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் உராய்வுத் துண்டான பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. இன்று பந்தய டிராக்கில் எனக்கு வந்தது இரண்டாவது வகை. நேர்ப்பாதையின் முடிவில் வழக்கமான இடத்தில்தான் மிதித்தேன். பெடல் உறுதியாக இருந்தது, வேகம் மட்டும் இறங்கவில்லை. இன்னும் அழுத்திப் பிடித்து, வளைவை அகலமாக எடுத்து வெளியே வந்தேன்.

ஒரு சுற்று பிரேக்கே தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற விட்டேன். நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக் போடவில்லை. கொதிக்கும் டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேட்டின் பொருள் அச்சு மாதிரி ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்ததே போதும்.

ஜூன் 5

முன்சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தேன். உராய்வுப் பகுதி 6 மி.மீ. மிச்சம். இந்த பேட் புதிதாக இருக்கும்போது 11 மி.மீ. சாலையில் மட்டும் ஓட்டும் காருக்கு 3 மி.மீ. வரை விடலாம் என்பார்கள். டிராக்குக்கு அந்தக் கணக்கு ஆகாது. பேட்டின் தடிமன்தான் டிஸ்க்கின் சூடு, பேட்டைத் தள்ளும் பிஸ்டனுக்கும் ஆயிலுக்கும் போகாமல் தடுக்கிறது, அது பாதியானதும் தடுப்பும் பாதியாகிவிடுகிறது. அதனால் பாதி தேய்ந்ததுமே டிராக்குக்குப் போகும் பேட்டை மாற்றுவது என் பழக்கம்.

ஆனால் இங்கே தடிமனைவிட மேற்பரப்புதான் விஷயம். கண்ணாடி மாதிரி மின்னுகிறது. விரலால் தேய்த்தால் வழுக்குகிறது. ஓரங்கள் வெளுத்துப் பொரிந்து, நகத்தால் தொட்டாலே உதிர்கின்றன. பேட்டைக் கட்டிப்பிடித்திருக்கும் பிசின் வெந்துபோயிருக்கிறது. இதைத் தேய்த்துத் திரும்பப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புது செட்தான்.

ஜூன் 8

வாங்கும் முன் ஒரு கணக்கு. 1,600 கிலோ எடையுள்ள கார் 200 கி.மீ. வேகத்தில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 25 லட்சம் ஜூல். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஏழெட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க இது போதும். அது முழுவதும் சில நொடிகளில் நாலு டிஸ்க்கிலும் எட்டு பேட்டிலும் சூடாக இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன்பக்கத்துக்கு. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நாலு மடங்கு. 100-லிருந்து நிறுத்துவதற்கு அருமையாக இருந்த பேட் 200-ல் திணறுவதற்கு இதுவே காரணம்.

'எந்த பேட் நல்ல பேட்' என்று கேட்பதில் பலன் இல்லை. என் ஓட்டத்தில் டிஸ்க் எவ்வளவு சூடாகிறது, எந்த பேட் அந்தச் சூட்டில் வேலை செய்கிறது, இவைதான் கேள்விகள். ஆர்கானிக் பேட் சத்தமில்லாதது, டிஸ்க்கை அரிக்காது, ஆனால் சூட்டில் முதலில் தளர்வது அதுதான். சாலைக்கான செராமிக் பேட்டில் தூசி குறைவு, சக்கரம் பளிச்சென்று இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக வேகமான காரில் பலர் அதைப் போடுகிறார்கள். டிராக்குக்கு நான் போட மாட்டேன். உலோகம் அதிகம் கலந்த செமி மெட்டாலிக் சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்குத் தூசி, கிரீச் சத்தம், டிஸ்க் தேய்மானம் மூன்றும் வரும்.

பந்தயத்துக்கென்றே செய்த பேட்டை நிறைய பேர் ஆசையோடு சாலைக் காரில் மாட்டுகிறார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு. அந்த பேட் சூடேறிய பிறகுதான் சரியாகப் பிடிக்கும். காலையில் வண்டியை எடுத்து முதல் சந்திப்பில் ஒரு குழந்தை குறுக்கே ஓடினால், அந்த நொடியில் டிஸ்க் குளிர்ந்துதான் இருக்கும். தினமும் ஓட்டும் காரில் முதல் மிதியே பிடிக்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது.

ஜூன் 9

பேட்டின் விளிம்பில் அச்சிட்ட எழுத்துகளை இன்று உட்கார்ந்து படித்தேன். கடைசியில் வரும் இரண்டு ஆங்கில எழுத்துகள் உராய்வைச் சொல்கின்றன, முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில், இரண்டாவது சூட்டில். இ என்றால் உராய்வு எண் 0.25 முதல் 0.35 வரை, எஃப் 0.35 முதல் 0.45, ஜி 0.45 முதல் 0.55. என் பழைய பேட்டில் இருப்பது எஃப்இ. சூடானால் பிடி குறையும் என்று அதன் முதுகிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் இந்த எழுத்துகளை மட்டும் நம்பி வாங்கவும் கூடாது. பேட்டிலிருந்து வெட்டிய சிறு துண்டை ஆய்வகத்தில் தேய்த்துப் பார்த்து வரும் எழுத்து அது. தேய்மானம், சத்தம், டிராக்கில் வரும் உச்ச வெப்பம் எதுவும் அதில் தெரியாது. அதற்கு, பேட் செய்பவர் தரும் வெப்ப வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும். வெப்பம் ஏற ஏற கோடு சமமாகப் போகிறதா, எங்கே சரிகிறது என்பதே முக்கியம். உச்சியில் உயர்ந்து சட்டென விழும் கோட்டைவிட, கொஞ்சம் தாழ்வாக இருந்தாலும் நேராகப் போகும் கோடு எனக்குப் பிடிக்கும். காலுக்கு அது பழகிவிடும்.

ஜூன் 11

முடிவு எடுத்தாயிற்று. இரண்டு செட். சாலைக்கு, குளிரிலும் நன்றாகப் பிடிக்கும் செமி மெட்டாலிக். டிராக் நாளுக்கு, அதைவிட அதிகச் சூடு தாங்கும், ஆனால் முழு பந்தய ரகம் அல்லாத ஒன்று. இரண்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்துக் கலவை. அதற்கான காரணத்தை டிஸ்க் பற்றி எழுதும்போது சொல்கிறேன்.

முன்பக்கத்துக்கு மட்டும் வாங்கினால் போதாதா என்று நண்பன் கேட்டான். போதாது. காரைச் செய்தவர்கள் முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக்கைப் பங்கிட்டு, அதன் மேல், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸை அமைத்திருக்கிறார்கள். முன்னால் மட்டும் பிடியைக் கூட்டினால் பின்சக்கரங்கள் தம் பங்கைச் செய்யாமல் சும்மா உருளும். பின்னால் மட்டும் கூட்டினால் அது ஆபத்து, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளப் பார்க்கும், வண்டி சுற்றிவிடும். நாலு சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்றுகிறேன்.

கார்பன் செராமிக் டிஸ்க் உள்ள காராக இருந்தால் இந்தத் தேடலே வேறு. அந்த டிஸ்க்குக்கென்று செய்த பேட்டை மட்டும்தான் போட வேண்டும். என்னுடையது இரும்பு டிஸ்க், அதனால் தேர்வு அதிகம்.

ஜூன் 14

வேலை நாள். வண்டி ஜாக்கி ஸ்டாண்டில். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் சக்கரத்தைக் கழற்றக் கூடாது.

முன்பக்கம், பேட்டையும் பிஸ்டனையும் தாங்கும் காலிபர் நாலு பிஸ்டன் உள்ள நிலையான ரகம். காலிபரைக் கழற்றவே தேவையில்லை. பேட்டைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களையும் சுத்தியலால் மெல்லத் தட்டி வெளியே எடுத்தால் நடுவிலிருக்கும் ஸ்பிரிங் தகடு துள்ளி வரும், பேட் மேல்வழியாக வந்துவிடும். பழைய பேட்டை எடுக்கும் முன்பே அதைப் பிடித்து நெம்பி பிஸ்டனை உள்ளே தள்ளுவது சுலபம். ஒன்றைத் தள்ளினால் பக்கத்துப் பிஸ்டன் வெளியே எட்டிப் பார்க்கும், ஆகவே இரண்டையும் சேர்த்து மெதுவாகத் தள்ள வேண்டும். காலிபரில் ஏர் எடுக்கும் திருகான நிப்பிளைத் திறந்து குழாய் போட்டு, பழைய ஆயில் வெளியே போகும்படி செய்தேன். இல்லாவிட்டால் காலிபரில் கிடந்த அழுக்கு ஆயில் ஏபிஎஸ் பக்கம் திரும்பிப் போகும், மேலே ஆயில் டப்பாவும் நிரம்பி வழியும். பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. அது மூக்குக்குள் போக வேண்டிய பொருள் அல்ல. பிரேக் கிளீனரும் துணியும்தான். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையில் வெடிப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது.

அப்புறம் டிஸ்க். அதன் தொப்பிப் பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் பல இடங்களில் அளந்தேன், எல்லைக்கு மேல் தாராளமாக இருக்கிறது. துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல்கள் உண்டு. அவை ஒரு துளையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடினாலோ விளிம்பை எட்டினாலோ டிஸ்க்கைக் கழித்துவிட வேண்டும். இதில் அப்படி இல்லை. பழைய பேட்டின் படலம் டிஸ்க் மேல் ஒட்டியிருக்கிறது. கலவை மாறினால் புதிய படலம் பழையதன் மேல் சரியாக உட்காராது. அதனால் உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்து, கிளீனர் அடித்துத் துடைத்தேன். ஒரே குடும்பத்துக் கலவையாக இரண்டு செட் வாங்கியது இதற்காகத்தான். பேட்டை மாற்றிப் போடும்போதெல்லாம் இந்தத் தேய்ப்பு வேலை இருக்காது.

புது பேட்டின் இரும்புத் தகடு காலிபரில் உரசும் ஓரங்களில் மட்டும், அதிகச் சூடு தாங்கும் கிரீஸ் மெல்லிசாக. உராய்வுப் பக்கத்தில் விரல்கூடப் படக் கூடாது. தேய்மான சென்சார் ஒயரை வழியில் கிள்ளாமல் மாட்டினேன்.

பின்பக்கம் எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக். முதலில் அதை சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோனால்தான் பிஸ்டன் உள்ளே போகும். அதை மறந்து பலவந்தமாகத் தள்ளினால் மோட்டார் உடையும்.

ஆயிலையும் மாற்றினேன். டாட் 4 ரக பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 155. காற்றிலிருந்து தானாக ஈரத்தை இழுக்கும் பொருள் என்பதால் திறந்து நாளான டப்பாவைத் தொடவே இல்லை. நண்பன் பெடலில், நான் சக்கரத்தடியில்.

"மிதி மச்சான்."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி... விடாதே... சரி, இப்ப விடு."

குழாயில் குமிழி நின்று தெளிவான ஆயில் வரும்வரை இதே பாட்டு. முடிந்ததும், வண்டியை நகர்த்தும் முன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்தோம். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன்கள் பேட்டைத் தொட வேண்டும், இல்லையென்றால் முதல் மிதியில் பிரேக்கே இருக்காது.

ஜூன் 15

இன்று, புது பேட்டைச் சூடேற்றி டிஸ்க்கோடு பழக்கும் பதப்படுத்தும் ஓட்டம். காலையில், ஆளில்லாத நேரான சாலை. இதைச் சோம்பேறித்தனத்தால் விடுபவர்கள்தான் பிறகு 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்று ஸ்டியரிங் நடுக்கத்தோடு வருகிறார்கள். பெரும்பாலும் டிஸ்க் வளைவதில்லை. பேட்டின் பொருள் திட்டுத் திட்டாக ஒட்டி, பிடி இடத்துக்கு இடம் மாறுவதுதான் அந்த நடுக்கம்.

பெட்டியில் சொன்ன முறைப்படியே செய்தேன். 100-லிருந்து 30 வரை மிதமாக, முழுதாக நிறுத்தாமல், திரும்பத் திரும்ப. அப்புறம் இன்னும் வேகத்திலிருந்து இன்னும் அழுத்தமாக. ஒரு கட்டத்தில் கருகல் வாடை வந்தது, லேசாகப் புகையும் தெரிந்தது. பிசினிலிருந்து வாயு வெளியேறுகிறது, அது இங்கே போய்த் தீர்வது நல்லது. அதன் பிறகு பிடி கூடுவது காலுக்கே தெரிந்தது. கடைசியில் பிரேக் தொடாமல் நீண்ட தூரம் ஓட்டி ஆற விட்டேன். டிஸ்க்கில் சீரான நீலச் சாம்பல் படலம். கோடுகள் இல்லை, திட்டுகள் இல்லை.

ஜூன் 21

டிராக். பேட்டைப் பற்றி யோசிக்காமல் வளைவைப் பற்றி யோசிக்க முடிந்தது. பெடல் கடைசிச் சுற்று வரை ஒரே உயரத்தில், அழுத்தத்துக்கு ஏற்ற பிடி. குளிர்ந்த முதல் சுற்றில் மட்டும் கொஞ்சம் மந்தம், அதை எதிர்பார்த்தே மெதுவாகத் தொடங்கினேன்.

ஜூன் 22

சாலை செட்டை மாட்டும் முன் டிராக் பேட்டை அளந்தேன். டிஸ்க் சுழன்று நுழையும் முனை, வெளியேறும் முனையைவிட அரை மி.மீ. கூடத் தேய்ந்திருக்கிறது. சரிவாகத் தேய்வதைக் குறைக்கத்தான் இந்த மாதிரி காலிபர்களில் நுழையும் பக்கம் சின்ன பிஸ்டனும் வெளியேறும் பக்கம் பெரிய பிஸ்டனும் வைக்கிறார்கள். அப்படியும் இவ்வளவு வருகிறது. எந்த பேட் எந்தப் பக்கம், உள்ளா வெளியா என்று ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் எழுதி வைத்தேன். அடுத்த முறை அதே இடத்துக்கே போக வேண்டும், அப்போதுதான் தேய்ந்த முகம் டிஸ்க்கோடு பொருந்தும். சாலை செட்டுக்கும் ஒரு குட்டிப் பதப்படுத்தும் ஓட்டம் பாக்கி, நாளைக் காலை.